புறங்கால் முதுகுப்புறமா? உடலின் மேல், கீழ், முன், பின் பற்றி ஒரு கேள்வி

#1 மோர்தானா
குடியாத்தம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் தமிழ் வழியில் விலங்கியல் நடத்துகிறேன். போன வாரம் பதினோராம் வகுப்புக்குக் கரப்பான் பூச்சி. அதற்கு இதயம் முதுகுப்புறத்தில், நரம்பு வடம் வயிற்றுப்புறத்தில், நமக்கு நேர்மாறு. டார்சல் என்றால் முதுகுப்புறம், வென்ட்ரல் என்றால் வயிற்றுப்புறம் என்று பலகையில் பெரிதாக எழுதியும் போட்டேன்.

கடைசி பெஞ்சில் ஒரு மாணவி. அவளுடைய அக்கா நர்சிங் படிக்கிறாள். அக்காவின் புத்தகத்தை இவள் புரட்டியிருக்கிறாள். எழுந்து நின்று, செருப்பைக் கழற்றி, பாதத்தின் மேற்பக்கத்தைக் காட்டி, "டீச்சர், இதையும் டார்சல் என்றுதான் அந்தப் புத்தகத்தில் போட்டிருக்கிறது. இது முதுகுப்புறமா?" என்றாள். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பதில் தெரியாதவளுக்கு எப்படி வரும்?

வீட்டுக்கு வந்து பார்த்தால், புறங்கையும் டார்சல், பாதத்தின் மேற்பக்கமும் டார்சல், நாக்கின் மேற்பக்கமும் டார்சல். இந்த மூன்றுக்கும் முதுகுக்கும் என்ன உறவு? தமிழில் எப்படி எழுதினால் பிள்ளைகளுக்குக் குழப்பம் வராது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 முதலாண்டு
டீச்சர், வணக்கம். நான் வேலூரில் இயன்முறை மருத்துவம் முதலாண்டு படிக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழிதான்.

எங்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுத்தது ஒரு நிற்கும் நிலை. ஆள் நேராக நிற்க வேண்டும், பாதம் முன்னோக்கி, கைகள் பக்கத்தில் தொங்க, உள்ளங்கைகள் முன்னோக்கித் திறந்திருக்க வேண்டும். இதற்குப் பிறகு அவர் கட்டிலில் குப்புறப் படுத்தாலும், கிணற்றில் தலைகீழாகக் குதித்தாலும், எல்லாச் சொற்களும் அந்த நிற்கும் நிலைக்கே பொருந்தும். தலைகீழாகக் குதிப்பவருக்கும் தலைதான் மேல்.

இதை மறந்து நான் பட்ட பாட்டையும் சொல்லிவிடுகிறேன். வாய்மொழித் தேர்வில், கட்டை விரல் நடுக்கோட்டை ஒட்டி இருக்கிறதா, விலகி இருக்கிறதா என்று கேட்டார்கள். மேசை மேல் கவிழ்த்து வைத்திருந்த என் கையைப் பார்த்தேன். கட்டை விரல் உள்ளே இருந்தது. "ஒட்டி" என்றேன். தேர்வாளர் பதிவேட்டை மூடிவிட்டார். உள்ளங்கையை முன்னோக்கித் திருப்பினால் கட்டை விரல் வெளியே போய்விடுகிறது, சுண்டு விரல் உள்ளே வருகிறது. ஆனால் காலில் பெருவிரல்தான் உள்ளே. கைக்கும் காலுக்கும் ஏன் இந்த மாறாட்டம் என்று எனக்கும் தெரியாது.

#3 காட்பாடி கால்நடை
அதற்கு மனிதனை விட்டுவிட்டு மாட்டைப் பாருங்கள், தம்பி. இருபத்தெட்டு வருடம் கால்நடை மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவன் சொல்கிறேன். நாலு காலில் நிற்கும் உயிருக்கு முதுகு வானத்தைப் பார்க்கிறது, வயிறு மண்ணைப் பார்க்கிறது, தலை முன்னால் போகிறது, வால் பின்னால் வருகிறது. ஒரு சிக்கலும் இல்லை. மனிதன் எழுந்து நின்றான், எல்லாம் 90 பாகை திரும்பிவிட்டது. மாட்டுக்கு முன் என்பது தலைப்பக்கம். மனிதனுக்கு முன் என்பது வயிற்றுப்பக்கம். ஒரே சொல், இரண்டு திசை. அதனால்தான் எங்கள் துறையில் முன், பின், மேல், கீழ் என்ற சொற்களைப் பெரும்பாலும் தள்ளிவைத்துவிட்டு, தலைப்பக்கம், வால்பக்கம் என்றே பேசுவோம். 1968இல் கால்நடை உடற்கூற்றுக்கென்று தனிச் சொற்பட்டியலே வெளிவந்தது.

இப்போது டீச்சருடைய பாதத்துக்கு வருவோம். கருவில் கையும் காலும் முதலில் துடுப்பு மாதிரி பக்கவாட்டில் முளைக்கின்றன. அப்போது கையின் கட்டை விரல், காலின் பெருவிரல் இரண்டுமே தலைப்பக்கம் பார்த்திருக்கும். ஆறாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையில் கை வெளிப்பக்கமாகவும், கால் உட்பக்கமாகவும் ஏறக்குறைய 90 பாகை திரும்புகின்றன. அதனால்தான் முழங்கை பின்னால் பார்க்கிறது, முழங்கால் முன்னால் பார்க்கிறது. தம்பி கேட்ட கட்டை விரல், பெருவிரல் மாறாட்டத்துக்கும் இதுதான் காரணம்.

துடுப்பில் முதுகுப்பக்கம் பார்த்திருந்த முகம், கால் திரும்பியதால் முன்னால் வந்து, பாதம் மடங்கியதால் மேலே வந்து உட்கார்ந்துவிட்டது. சந்தேகம் இருந்தால் விரல்களை நிமிர்த்திப் பாருங்கள். விரலை நிமிர்த்தும் தசைநாண்கள் புறங்கையில் வரிவரியாகத் தெரியும். பாதத்திலும் அதே வரிகள் மேற்பக்கத்தில்தான் தெரியும். ஆகவே அந்தப் பெண்ணிடம் சொல்லுங்கள்: ஆமாம், அது ஒரு காலத்தில் உன் முதுகுப்புறம்தான்.

#4 வெயிலூர்
இவ்வளவு பாடு எதற்கு? டார்சல் என்றே தமிழில் எழுதி மனப்பாடம் செய்யச் சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே. நாளை கல்லூரிக்குப் போனால் எப்படியும் ஆங்கிலத்தில்தான் படிக்கப்போகிறார்கள்.

#5 மோர்தானா
வெயிலூர் அண்ணா, மனப்பாடம் செய்வார்கள். செய்துவிட்டு அந்தப் பெண் கேட்டதைக் கேட்காமல் போவார்கள். டார்சல் என்ற சொல்லின் வேரும் லத்தீனில் முதுகுதான். ஆங்கிலத்தில் படிக்கிற பிள்ளைக்கும் இதே பள்ளம் இருக்கிறது, கால் வைக்கும்போது தெரிவதில்லை, அவ்வளவுதான்.

டாக்டர் ஐயா, மிக்க நன்றி. நேற்று இரவு என் பாதத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

#6 சோளிங்கர் புலவர்
அம்மா, கேள்வியிலேயே பதில் இருக்கிறதே! கையின் பின்பக்கத்தை நீங்களே 'புறங்கை' என்று எழுதியிருக்கிறீர்கள். பாதத்தின் மேற்பக்கத்துக்கு என்ன பெயர்? தலைப்பிலேயே போட்டிருக்கிறீர்கள்: புறங்கால். போரில் முதுகு காட்டி ஓடுவதற்கு என்ன பெயர்? புறங்காட்டுதல். முதுகு, கையின் பின்பக்கம், பாதத்தின் மேற்பக்கம், மூன்றையும் ஒரே சொல்லில் தமிழன் கட்டி வைத்திருக்கிறான். கரு துடுப்பு மாதிரி முளைத்ததை அவன் பார்க்கவில்லை. ஆனால் கையும் காலும் ஒரே அச்சில் வார்த்தவை என்று கண்டிருக்கிறான்.

எதிர்ப்பக்கத்துக்கும் சொல் உண்டு. அகம். அகம் என்பதோடு கை சேர்ந்தால் 'அங்கை' ஆகும், செவி சேர்ந்தால் 'அஞ்செவி' ஆகும் என்று நன்னூல் புணர்ச்சி விதியே சொல்கிறது. அங்கை என்பது உள்ளங்கை. முதுகுப்புறம், வயிற்றுப்புறம் என்று எழுதுவதால்தான் பாதத்துக்கு முதுகு முளைக்கிறது. புறமுகம், அகமுகம் என்று எழுதிப் பாருங்கள்.

#7 காட்பாடி கால்நடை
புலவர் ஐயா, கேட்க இனிக்கிறது. ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டேன். புறம் என்ற சொல்லுக்கு ஏற்கெனவே மூன்று வேலை கொடுத்து வைத்திருக்கிறோம். புறத்தோல், புறச்செவி என்னும்போது அது வெளி. வலப்புறம், இடப்புறம் என்னும்போது அது வெறும் பக்கம். நீங்கள் சொல்லும் புறங்கையில் அது முதுகு. சிறுநீரகத்தின் வெளியடுக்கான 'புறணி' முதுகுப்பக்கமா இருக்கிறது? சுற்றிலும் இருக்கிறது. மாணவன் தேர்வில் 'புறத்தமனி' என்று கண்டால் எதை நினைப்பான்? மேலோட்டமாக ஓடுவதையா, முதுகுப்பக்கம் ஓடுவதையா?

ஐயா சொன்னது கையையும் காலையும் பொறுத்தவரை மிகச் சரி. அங்கே நிறுத்திக்கொள்ளலாம். எங்களிடமும் அப்படி ஒரு எல்லை இருக்கிறது. மாட்டின் முன்னங்காலில் மணிக்கட்டுக்கு மேலே தலைப்பக்கம், வால்பக்கம் என்போம். மணிக்கட்டுக்குக் கீழே போனதும் முன்முகத்தைப் புறம் என்றும், பின்முகத்தை உள்ளங்கைப்பக்கம் என்றும் சொல்லத் தொடங்கிவிடுவோம். ஒரே காலில், ஒரு மூட்டைத் தாண்டியதும் சொல் மாறுகிறது.

மாட்டுக்கு மணிக்கட்டா என்று யாரும் கேட்பதற்கு முன் சொல்லிவிடுகிறேன். செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் முன்னங்காலில் முட்டி என்று தட்டிப் பார்க்கிறார்களே, அது முழங்கால் இல்லை, மணிக்கட்டு. பின்னங்காலில் பின்னோக்கி மடங்குவது முழங்கால் இல்லை, குதிகால். மாடு விரல் நுனியில் நடக்கிறது.

#8 ஆம்பூர் கட்டிங்
நான் டாக்டரும் இல்லை, புலவரும் இல்லை. ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் பிரிவில் இருக்கிறேன். ஆனால் இந்தப் பேச்சு எங்கள் மேசை மேல் தினமும் கிடக்கிறது.

தோலை உரிக்கும்போது வயிற்றின் நடுக்கோட்டில் கீறித்தான் உரிப்பார்கள். பதனிட்டு விரித்துப் போட்டால் நடுவில் முதுகெலும்புக் கோடு ஓடும், வயிறு இரண்டாகப் பிளந்து இரண்டு ஓரத்திலும் போய்விடும். நீங்கள் நடுக்கோடு என்பது எங்களுக்கு முதுகு. ஓரம் என்பது வயிறு. உயிரோடு இருந்தபோது சுற்றி வளைந்திருந்த உடம்பு எங்களிடம் வரும்போது வரைபடமாகத் தட்டையாகிவிடுகிறது. முதுகை ஒட்டிய தோலில், அதுவும் பின்தொடைப் பக்கமாக, நார் இறுக்கமாக இருக்கும். வயிற்றோரம் இழுத்தால் இழுபடும். ஷூவின் முன்முகத்துக்கு முதுகுப்பக்கத்துத் தோல்தான் வெட்ட வேண்டும், அதுவும் விரல்நுனியிலிருந்து குதிகாலை நோக்கி இழுபடாத வாக்கில். வயிற்றோரத்தை ஷூவின் நாக்குக்கும் உள்ளே மறையும் துண்டுகளுக்கும் வைத்துக்கொள்வோம். புதிதாக வரும் பையன் வெள்ளைத் தோல், கறுப்புத் தோல் என்று நிறத்தைப் பார்ப்பான். பழகியவன் முதலில் முதுகெலும்பு எங்கே என்று தடவிப் பார்ப்பான்.

இன்னொன்று. ஒரு ஷூவுக்கு உள்பக்கத் துண்டு, வெளிப்பக்கத் துண்டு என்று இரண்டு உண்டு. உள்பக்கம் என்றால் காலுக்குள்ளே இருக்கும் பக்கம் என்று நினைத்து, ஒரு பையன் உள்ளே ஒட்டும் அஸ்தர் தோலில் நாற்பது துண்டு வெட்டி வைத்துவிட்டான். உள்பக்கம் என்பது மற்றக் காலைப் பார்க்கும் பக்கம். அன்றைக்கு நான் வாங்கிய திட்டு இன்னும் காதில் இருக்கிறது.

#9 முதலாண்டு
அண்ணா, இதைத்தான் எங்கள் ஆசிரியரும் அடித்து அடித்துச் சொல்வார். நடுக்கோட்டை ஒட்டிய, நடுக்கோட்டிலிருந்து விலகிய என்பது ஒரு கணக்கு. ஆழத்தில், மேலோட்டமாக என்பது வேறு கணக்கு. இரண்டுக்கும் உள், வெளி என்று போட்டால் நாற்பது துண்டு வீண்தான்.

'முன்' என்பதிலும் இதே வில்லங்கம். முன்கை என்கிறோம்; அது முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் இடையில் இருக்கும் பகுதி. அங்கே முன் என்றால் நுனிப்பக்கம். முன்னங்கால் என்றால் தலைப்பக்கத்துக் கால். 'முன்கையின் முன்புறம்' என்று எழுதினால் ஒரே தொடரில் முன்னுக்கு இரண்டு பொருள். மூளையில் இன்னும் மோசம். நாம் நிமிர்ந்து நிற்பதால் நரம்பு அச்சு நடுமூளைக்கு அருகில் வளைகிறது. தண்டுவடத்தில் டார்சல் என்றால் பின்னால், பெருமூளையில் டார்சல் என்றால் மேலே.

#10 சோளிங்கர் புலவர்
மேல், கீழ் என்பதிலும் நம் ஊர்க்காரனுக்கு வியப்பு இருக்கக் கூடாது. மேல்விஷாரம் உயரத்திலும் கீழ்விஷாரம் பள்ளத்திலுமா இருக்கின்றன? மேல் என்றால் மேற்கு, கீழ் என்றால் கிழக்கு. மேற்கு, கிழக்கு என்ற சொற்களே மேல், கீழ் என்பவற்றிலிருந்து பிறந்தவை. மலை இருக்கும் பக்கம் மேல், கடலை நோக்கிச் சரியும் பக்கம் கீழ். பாலாறும் அப்படித்தான் வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர் என்று கிழக்கே போகிறது, தண்ணீர் வரும் வருடங்களில்! நிலத்துக்கென்று ஒரு தலையும் காலும் வைத்துக்கொண்டு, நாம் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அதையே சொல்கிறோம். தம்பி சொன்ன நிற்கும் நிலையும் இதுதானே?

கால்நடை டாக்டருக்கு ஒரு வார்த்தை: புறம் மூன்று வேலை செய்கிறது என்கிறீர்கள். தலை எத்தனை வேலை செய்கிறது என்று எண்ணிப் பாருங்கள். தலைவாசல், தலைப்பு, தலைநகர். யாரும் குழம்புவதில்லை.

#11 காட்பாடி கால்நடை
தலைநகரில் அறுவை சிகிச்சை செய்வதில்லை, ஐயா.

மேல், கீழுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது, டீச்சருக்குப் பயன்படும். தலைப்பக்கத்திலிருந்து இதயத்துக்கு இரத்தம் கொண்டுவரும் பெரிய சிரை மனிதனில் மேற்பெருஞ்சிரை. அதே சிரை தவளைப் பாடத்தில் முற்பெருஞ்சிரை. மாட்டில் நாங்கள் தலைப்பக்கப் பெருஞ்சிரை என்போம். சிரை அதேதான், பெயர் வைத்தவன் நின்ற உயிரைப் பார்த்தானா, குந்திய உயிரைப் பார்த்தானா என்பதுதான் வேறுபாடு. தலைப்பக்கம், வால்பக்கம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிக்கொடுத்துவிட்டால் மூன்றும் ஒன்றாகிவிடும்.

#12 முதலாண்டு
பாலாறு என்றதும் ஒன்று நினைவுக்கு வந்தது. சிறுநீரகப் பாடத்தில் அண்மைச் சுருள் குழல், சேய்மைச் சுருள் குழல் என்று வருமே, அதைப் பன்னிரண்டாம் வகுப்பில் நான் தப்பாகவே புரிந்துவைத்திருந்தேன். சேய்மை என்றால், இரத்தத்தை வடிகட்டும் கிளாமருலஸ் என்ற நுண்குழல் முடிச்சிலிருந்து தொலைவில் இருக்கிறது என்று நினைத்தேன். கல்லூரியில் படம் பார்த்தால், ஹென்லே வளைவில் இறங்கி ஏறி வந்த குழல், சேய்மைச் சுருள் தொடங்கும் இடத்தில் தன் சொந்த கிளாமருலஸையே வந்து தொட்டுக்கொண்டிருக்கிறது! அண்மை, சேய்மை என்பது நேர்க்கோட்டுத் தொலைவு இல்லை. ஓட்டத்தின் வழியே அளக்க வேண்டும். ஆறு வளைந்து வளைந்து ஊற்றுக்குப் பக்கத்திலேயே வந்தாலும், அது கீழ்ப்போக்குதான்.

பல்லுக்கும் இதே கணக்கு. பல்வரிசையின் வழியே நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி என்று பார்ப்பதால், கடைவாய்ப் பல்லின் சேய்மைப் பக்கம் தொண்டையைப் பார்த்திருக்கும்.

#13 பாகாயம் சிஸ்டர்
எல்லோரும் முன், பின் பற்றியே பேசுகிறீர்கள். வலம், இடம் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. வார்டில் உயிரை எடுப்பது அதுதான். ஓய்வு பெற்ற செவிலி நான். முப்பது வருடம் நோயாளிகளுக்கு எதிரே நின்றிருக்கிறேன். எதிரே நிற்கிறவளுக்கு எல்லாம் மாறித் தெரியும். வலது என்றால் நோயாளியின் வலது, நம்முடையதில்லை. சி.டி. படத்தில் குறுக்குவெட்டை, படுத்திருப்பவரின் காலடியில் நின்று தலையை நோக்கிப் பார்ப்பதாக வைத்துக்கொள்வது வழக்கம். அதனால் அவருடைய கல்லீரல் படத்தில் நம் இடக்கைப் பக்கம் தெரியும்.

ஒருமுறை ஒருவருடைய மார்பு எக்ஸ்ரேயில் இதயம் வலப்பக்கம் சாய்ந்திருந்தது. படத்தைத் திருப்பி மாட்டிவிட்டார்கள் என்று நான் எடுத்துத் திருப்பி மாட்டினேன். மூலையில் இருந்த அடையாள எழுத்து கண்ணாடியில் பார்த்தது போலத் தலைமாறித் தெரிந்தது. முதலில் மாட்டியதுதான் சரி. அந்த மனிதருக்கு உறுப்புகள் எல்லாமே இடவலம் மாறிப் பிறந்திருக்கின்றன. சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு அப்படி இருக்குமாம். அவர் நாற்பது வயது வரை அது தெரியாமலே வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார்.

புதிய பெண்களுக்கு நான் அர்த்தநாரீசுவரரைச் சொல்லித்தான் புரியவைப்பேன். திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்தன்று சில நிமிடம் வெளியே வருவாரே, அவருக்கு அம்பாள் எந்தப் பக்கம்? இடப்பக்கம் என்று உடனே சொல்வார்கள். யாருடைய இடப்பக்கம்? சுவாமியுடையது. நாம் எதிரே நின்று கும்பிட்டாலும் அதை வலம் என்று சொல்வதில்லை. நோயாளியும் அப்படித்தான், அம்மா, என்பேன். அதற்கப்புறம் தப்பு செய்ய மாட்டார்கள்.

#14 வெயிலூர்
சிஸ்டர் சொன்னது மட்டும் எனக்குப் பிடித்தது. மற்றபடி என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. உலகத்தில் ஆளுக்கொரு பெயர் வைத்து, உடற்கூற்றில் சுமார் 50,000 பெயர்கள் சேர்ந்துபோய், 1895இல் பாசல் நகரில் கூடி அவற்றைச் சுமார் 5,000 ஆகக் குறைத்தார்கள். இங்கே பதின்மூன்று பதிவுக்குள் நீங்கள் நான்கு பெயர் கூட்டியிருக்கிறீர்கள்.

எங்கள் தாத்தா கடைசி வரை விலாசத்தில் வட ஆற்காடு என்றுதான் எழுதினார். ஆற்காடு ஊரே வட ஆற்காட்டுக்குள் இருந்தது. மாவட்டத் தலைமையிடம் 1911 வரை சித்தூர், பிறகு வேலூர். 1989இல் மாவட்டம் இரண்டானது, 2019இல் வேலூர் மறுபடி மூன்றானது. இப்போது எது எதற்கு வடக்கு?

#15 சோளிங்கர் புலவர்
தென் ஆற்காட்டுக்கு வடக்கு. உறுப்பு போனாலும் பெயர் நிற்கும்.

வெயிலூர் தம்பி, பெயர் கூட்டுவது புதிய நோய் இல்லை. அமெரிக்காவிலிருந்து யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிரீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்தார். உடற்கூற்றியலுக்கு அவர்கள் வைத்த பெயர் அங்காதிபாதம். நம் புலவர்கள் கேசாதிபாதம், பாதாதிகேசம் என்று தலையிலிருந்து அடி, அடியிலிருந்து தலை என ஒழுங்கு வைத்துப் பாடியதன் சாயல் அதில் இருக்கிறது. எங்கிருந்து தொடங்கி எங்கே போவது என்பதை முதலில் சொல்லிவிட்டுத்தான் வருணிக்கத் தொடங்குவார்கள்.

#16 மோர்தானா
எல்லோருக்கும் நன்றி. நான் பலகையில் எழுதப்போவதைச் சொல்லிவிடுகிறேன், திட்டுபவர்கள் திட்டலாம். உடம்பின் நடுப்பகுதிக்கு முதுகுப்பக்கம், வயிற்றுப்பக்கம், தலைப்பக்கம், வால்பக்கம். கை, பாதம் இரண்டுக்கும் மட்டும் புலவர் ஐயா சொன்ன புறமும் அகமும்; மணிக்கட்டு, கணுக்காலோடு எல்லை. மேல், கீழ், முன், பின் நான்கும் மனிதப் பாடத்துக்கு மட்டும், நிற்கும் நிலையை வரைந்து காட்டிய பிறகு. உள், வெளி என்பதை ஆழத்துக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன், ஆம்பூர் அண்ணாவின் நாற்பது துண்டு நினைவாக. நாக்கை என்ன செய்வது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

#17 ஆம்பூர் கட்டிங்
ஷூவின் நாக்குக்கு நாங்கள் மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என்றுதான் சொல்கிறோம், டீச்சர்.

#18 மோர்தானா
ஒரு வாரம் கழித்து எழுதுகிறேன். இன்றைக்கு எலும்புக்கூட்டுப் படத்தை வேண்டுமென்றே தலைகீழாக மாட்டிவிட்டு, வருகைப் பதிவேடு எடுக்கப் போனேன். மேல் எது என்று கேட்டு மடக்கலாம் என்பது திட்டம். திரும்பி வருவதற்குள் தலைமையாசிரியர் அந்த வழியாக வந்து, "யார் இப்படி மாட்டியது?" என்று அதட்டி, நேராக மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். கடைசி பெஞ்சுப் பெண் மட்டும் எழுந்து, "சார், எப்படி மாட்டினாலும் தலைதான் சார் மேல்" என்று சொன்னாளாம். அவருக்கு என்ன புரிந்ததோ, என்னை மாலையில் வந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார்.